கொம்புக்குவளை கைமாறும் வட்டம்

1971 ஏப்ரல் 21. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்றார்கள். டென்மார்க்கின் போர்க்கப்பல் ஒன்று கரையை அணைந்தது. ஊரே காத்திருந்தது அந்தக் கப்பலில் வந்த இரண்டு தோல்சுவடிகளுக்காக. அவற்றுள் சிறியதன் பெயர் ‘கோடெக்ஸ் ரேகியஸ்’. 13ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிவைத்தது. 1662இல் ஐஸ்லாந்தின் ஆயர் ஒருவர் டென்மார்க் அரசருக்குப் பரிசாக அனுப்பிவிட்டார். முந்நூறு ஆண்டுகள் கழித்து அது வீடு திரும்பியது. எஞ்சியிருப்பவை 45 ஏடுகள். நடுவில் 8 ஏடுகள் காணாமல் போய்விட்டன. ஓடின், தோர், ஃப்ரேயா ஆகிய வடபுலத் தெய்வங்களைப் பற்றிய பழம்பாடல்களில் பெரும்பகுதி இந்த ஒரு சுவடி பிழைத்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது.

சரியாக ஓராண்டு ஆவதற்கு ஒரு நாள் முன்பு, 1972 ஏப்ரல் 20 அன்று, ஐஸ்லாந்து நாட்காட்டியில் கோடையின் முதல் நாளில், ஒரு சிறு குழு கூடி ‘ஆசாட்ருவார்ஃபெலாகித்’ என்ற சங்கத்தைத் தொடங்கியது. பழைய தெய்வங்களை மறுபடி வழிபடுவதற்கான சங்கம். தலைமை ஏற்றவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன். ஆடு வளர்த்துப் பிழைத்த விவசாயி. ‘ரீமுர்’ என்ற பழைய பாட்டுவகையை அதற்குரிய இழுவையோடு பாடத் தெரிந்த புலவர். மார்பில் புரளும் வெள்ளைத் தாடிக்காரர். அரசு அங்கீகாரம் கேட்டு அமைச்சரைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இடி விழுந்து ரெய்க்யவிக்கில் மின்சாரம் போனது என்று ஒரு கதையை ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் விரும்பிச் சொல்வார்கள். தோர் இடியின் தெய்வம் அல்லவா? 1973இல் அங்கீகாரம் வந்தது. அந்த ஆகஸ்டில் ஸ்வெய்ன்பியோர்னின் பண்ணையில், மழையில், தோர் சிலைக்கு முன்னால் முதல் பொது வழிபாடு நடந்தது.

கிறிஸ்து பிறந்து ஆயிரமாவது ஆண்டை ஒட்டி நின்றுபோன ஒரு வழிபாடு இது. திங்வெல்லிர் பள்ளத்தாக்கில் 930 முதல் ஐஸ்லாந்தின் மக்கள் மன்றம் கூடிவந்தது. அந்த மன்றத்தில்தான் மதமாற்றமும் முடிவானது. பழைய மதத்தைச் சேர்ந்த சட்டம் உரைப்பவர் தோர்கெய்ர், ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து வந்து, நாடு முழுவதும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குள் மறைவாகப் பலி கொடுக்கலாம் என்றொரு சலுகையும் தந்தார். சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று. பூசை மரபு அறுந்தது. மந்திரங்கள் வாய்வழி வந்தவை. வாய் மூடியதும் அவையும் அடங்கின.

இன்று அதே பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தச் சங்கத்தார் கூடி வழிபாடு நடத்துகிறார்கள். உறுப்பினர்கள் 5,000 பேருக்கு மேல். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அது சிறிய எண்ணிக்கை இல்லை. ஐஸ்லாந்துக்கு வெளியே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இந்த வழியில் நடப்பவர்கள் தங்களை ‘ஹீத்தன்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறி வாழ்கிறவர்கள். ஆகவே ஆண்டுக்கொருமுறை கூடும் கூடல்தான் அவர்களுக்குக் கோயில், திருவிழா, பள்ளிக்கூடம் எல்லாம்.

அந்தக் கூடல்களில் நடப்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மனிதர்கள் கைவிட்ட ஒன்றை, பிடுங்கப்பட்ட ஒன்றை, நூல்களையும் கைகளையும் மட்டுமே நம்பி மறுபடி கட்டுவது எப்படி என்பதற்கு இவ்வளவு வெளிப்படையான எடுத்துக்காட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டுப்பாடம் உள்ள மதம்

அமெரிக்காவில் இப்படிக் கூடுகிற அமைப்புகளில் முக்கியமானது 1987இல் தொடங்கிய ‘தி ட்ரோத்’. அதன் ஆண்டுக் கூடலுக்கு ‘ட்ரோத்மூட்’ என்று பெயர். இதுபோன்ற கூடல்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த முகாம்களில் நடக்கும். மரக்குடில்கள், ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், பின்னால் காடு. வார இறுதியை ஒட்டி மூன்று நான்கு நாள். பகலெல்லாம் பயிலரங்குகள், பொழுது சாய்ந்ததும் வழிபாடு. வருபவர்களில் கணினித் துறையினர் இருப்பார்கள், செவிலியர் இருப்பார்கள், படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். கல்லறைக் கல்லில் தோரின் சம்மட்டியைப் பொறித்துக்கொள்ள அமெரிக்க அரசு முன்னாள் படைவீரர்களுக்கு 2013இல் அனுமதி தந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டவர்கள் இப்படிப்பட்ட வட்டங்களைச் சேர்ந்தவர்களே.

காலைப் பயிலரங்குகளில் கூட்டம் சேர்வது நூல் வாசிப்புக்கு. ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய ‘ஹெய்ம்ஸ்கிரிங்லா’வில், நார்வே அரசர் ஹாகோன் காலத்துப் பலிவிருந்து ஒன்றின் வருணனை வருகிறது. குதிரையைப் பலியிட்டுக் குருதியைக் கிண்ணத்தில் பிடித்து, குச்சிகளால் தொட்டுச் சுவர்மீதும் கூடியிருப்போர்மீதும் தெளிக்கிறார்கள். இறைச்சி கொப்பரையில் வேகிறது. ஓடினுக்கு ஒரு கிண்ணம், வெற்றிக்காக. நியோர்டு, ஃப்ரேயர் என்ற தெய்வங்களுக்கு ஒவ்வொரு கிண்ணம், நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். பிறகு இறந்துபோன உறவினர் நினைவாக. ஸ்னோரி இதை எழுதியது 13ஆம் நூற்றாண்டில். அவர் கிறிஸ்தவர். அவர் பார்த்திராத சடங்கு அது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் பலிகளைப் பார்த்து எழுதியது என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தையும் பயிலரங்கிலேயே எடுத்துவைத்துப் பேசுவார்கள். தங்கள் வழிபாட்டுக்கு அடிப்படையான ஒரு பத்தியையே சந்தேகத்துக்கு உட்படுத்தி, பிறகு அன்று மாலையே அதைக் கொண்டு வழிபடுகிறார்கள்.

‘வீட்டுப்பாடம் உள்ள மதம்’ என்று தங்கள் வழியை அவர்களே சொல்வதுண்டு. ரோமானியரான டாசிடஸ் கி.பி. 98இல் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய சிறுநூல், 922இல் வோல்கா ஆற்றங்கரையில் ஒரு வைக்கிங் தலைவனின் ஈமச்சடங்கை நேரில் கண்டு அரபுத் தூதர் இப்னு ஃபத்லான் எழுதிய குறிப்பு, ஐஸ்லாந்துக் கதைகள், அகழாய்வு அறிக்கைகள். இவ்வளவுதான் கைவசம் உள்ள மூலதனம். ஏறத்தாழ எல்லாமே வெளியாட்களும் பின்வந்தவர்களும் எழுதிவைத்தவை.

ஆகவே ஒருவர் தம் அனுபவத்தில் உணர்ந்ததையும் நூலில் உள்ளதையும் கலக்கக்கூடாது என்பதில் இந்த வட்டங்கள் கண்டிப்பானவை. ஃப்ரேயாவுக்கு ஸ்ட்ராபெர்ரி படைப்பது பலருக்கும் பிடித்த வழக்கம். எந்தப் பழைய நூலிலும் அதற்கு ஆதாரம் இல்லை. படைக்கட்டும், யாரும் தடுப்பதில்லை. ஆனால் “முன்னோர் இப்படித்தான் செய்தார்கள்” என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் உடனே திருத்துவார். சான்றில்லாத சொந்த அனுபவத்துக்கு ‘யுபிஜி’ என்று ஒரு சுருக்கப்பெயரே புழங்குகிறது. தெய்வம் என்னிடம் இப்படிச் சொன்னது என்று ஒருவர் பேசும்போது, இது என் யுபிஜி என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவது நாகரிகம். நம்பிக்கை உள்ள இடத்தில் இந்த நேர்மை எவ்வளவு அரிது! பழமை என்ற பெயரில் நேற்று முளைத்ததை விற்கும் உலகில், இந்தச் சிறு ஒழுக்கத்துக்கு நான் பெருமதிப்பு வைத்திருக்கிறேன்.

தறி, எழுத்து, தேறல்

மதியத்தில் கைவேலை. அட்டைத்தறி நெசவுதான் இதில் அழகானது. நான்கு மூலையிலும் துளையிட்ட சிறு சதுர அட்டைகளில் நூலைக் கோத்து, அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பட்டையான நாடாவை நெய்வது. 1904இல் நார்வேயில் ஊஸ்பெர்க் என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது முழுக் கப்பல் ஒன்று கிடைத்தது. கி.பி. 834இல் இரண்டு பெண்களை வைத்துப் புதைத்த கப்பல். அதனுள்ளே வண்டியும் கட்டிலும் சமையல் பாத்திரமும் இருந்தன. கூடவே 52 அட்டைகளில் நூல் கோத்தபடி, பாதி நெய்து நின்றுபோன ஒரு நாடாவும் இருந்தது. யாரோ ஒருத்தி நெய்துகொண்டிருந்தது. கூடலில் அட்டையைத் திருப்பப் பழகுகிறவர்கள் அந்த நாடாவின் கதையைக் கேட்டுக்கொண்டுதான் பழகுகிறார்கள். விதியின் மூன்று பெண்கள் மனித வாழ்வின் இழையை நிர்ணயிப்பதாகச் சொல்லும் கதைகள் அப்போது வேறொரு எடையோடு காதில் விழும். கையில் நூலின் இழுவிசை இருக்கிறது. ஓர் அட்டை தப்பினால் பத்து வரிசைக்குப் பிறகு கோலம் சிதைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒற்றை ஊசியால் கம்பளி நூலை முடிச்சு முடிச்சாகப் பின்னும் பழைய முறை ஒன்றும் கற்றுத்தரப்படும். இங்கிலாந்தின் யார்க் நகரில் மண்ணுக்கடியில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் காலுறை அந்த முறையில் பின்னியதுதான்.

ரூன் எழுத்துகளுக்கான பயிலரங்கு எப்போதும் நிரம்பி வழியும். பழைய ரூன் வரிசையில் 24 எழுத்துகள். வைக்கிங் காலத்தில் அது 16ஆகச் சுருங்கியது. மரத்தில் செதுக்கவே பிறந்த எழுத்துகள் என்பதால் வளைகோடு அதிகம் கிடையாது. மரநாரின் போக்கோடு போகும் படுக்கைக் கோடும் கிடையாது. கொட்டை தரும் மரத்தின் கிளையை வெட்டிச் சில்லுகளாக்கிக் குறியிட்டு, வெள்ளைத் துணிமேல் வீசி, வானத்தைப் பார்த்தபடி மூன்றை எடுத்து ஜெர்மானியர் குறி பார்த்ததாக டாசிடஸ் எழுதுகிறார். பயிலரங்கில் அதைத்தான் செய்கிறார்கள். கிளையை அவரவரே வெட்டிச் செதுக்கவேண்டும். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற ஒரு ரூன் புத்தகம், எழுத்தே இல்லாத ‘வெற்று ரூன்’ ஒன்றைச் சேர்த்துவிட்டது. கடைகளில் விற்கும் பைகளில் இன்றும் அந்த வெற்றுக் கல் வருகிறது. ஹீத்தன் ஆசிரியர் முதலில் செய்வது அதை ஒதுக்கிவைப்பதுதான்.

பிறகு தேறல். தேனில் மூன்று நான்கு மடங்கு தண்ணீர் கலந்து நொதிக்க விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்கும் மது. கவித்துவத்தையே ஒரு தேறலாகச் சொல்கிறது பழங்கதை: குவாசிர் என்ற ஞானியின் குருதியில் தேன் கலந்து வடித்தது அது, ஓடின் கழுகுருவில் திருடி வந்தது. கூடலுக்கு வருபவர்கள் வீட்டில் வடித்த புட்டிகளோடு வருவார்கள். நல்லதாக அமைந்தது அன்று இரவு தெய்வத்துக்கு, சுமாரானது சாப்பாட்டுக்கு.

பிள்ளைகளுக்கும் தனி நிகழ்ச்சிகள் உண்டு. பஞ்சு வாள், மரக்கட்டைகளை எறிந்து சாய்க்கும் ‘குப்’ ஆட்டம், கதை நேரம்.

படையல்

பகலில் செய்தவை எல்லாம் மாலையில் வழிபாட்டுக்குள் வந்து சேர்கின்றன. நெய்த நாடா பூசாரியின் இடுப்பில். செதுக்கிய மரத்தூண் தெய்வமாக நடுவில். வடித்த தேறல் கொம்பில். இதை வைத்துத்தான் பயிலரங்கும் வழிபாடும் இங்கே ஒன்று என்கிறேன். பாரம்பரியம் அறுபடாத மதத்தில் நாடாவை நெய்பவர் ஒருவர், பூசை செய்பவர் இன்னொருவர். இங்கே தெய்வத்துக்குக் கொடுக்கும் பொருளைத் தானே செய்யத் தெரிந்திருக்கவேண்டியிருக்கிறது. செய்யக் கற்பதே வழிபாட்டின் முதல் பாதியாகிவிடுகிறது.

‘ப்ளோட்’ என்பது படையல் வழிபாடு. கயிறோ கற்களோ கொண்டு எல்லை வகுத்த இடத்துக்குள் வட்டமாக நிற்பார்கள். எந்தத் தெய்வத்துக்கு என்று அறிவித்து அழைப்பார்கள். கொம்பில் தேறலை நிரப்பி, அவரவர் தங்கள் சொல்லைச் சொல்லி, ஒரு வாய் பருகி, அடுத்தவரிடம் கொடுப்பார்கள். மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, பசுங்கிளையால் தொட்டுக் கூடியிருப்போர்மீது தெளிப்பார்கள். ஸ்னோரியின் பக்கத்தில் குருதி இருந்த இடத்தில் இங்கே தேறல் இருக்கிறது. கடைசியில் கிண்ணத்தை மரத்தடியில் கவிழ்ப்பார்கள். ஐஸ்லாந்துச் சங்கம் உயிர்ப்பலி கொடுப்பதில்லை. அமெரிக்கக் கூடல்களிலும் வழக்கம் தேறலும் உணவும்தான். சொந்தப் பண்ணையில் வளர்த்த விலங்கைப் படைத்து உண்ணும் சில குழுக்கள் இருக்கின்றன, மிகச் சில.

இந்தச் சடங்கும் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. 1980களில் தொடக்கமாக ‘சம்மட்டிச் சடங்கு’ ஒன்று நடக்கும். நான்கு திசையிலும் தோரின் சம்மட்டி அடையாளத்தைக் காட்டி இடத்தைக் காப்பது. ‘தி ட்ரோத்’தின் நிறுவனர்களில் ஒருவரான எட்ரெட் தோர்சனின் நூல்களால் பரவியது. இதன் சட்டகம் வைக்கிங்குகளிடமிருந்து வந்தது இல்லை, 19ஆம் நூற்றாண்டு லண்டன் மாந்திரீகச் சங்கம் ஒன்றின் ஐம்முனை நட்சத்திரச் சடங்கைப் பின்பற்றியது என்று பின்னால் உணர்ந்தார்கள். பல குழுக்கள் அதைக் கைவிட்டுவிட்டன. எரியும் தீப்பந்தத்தோடு எல்லையைச் சுற்றி வருவதுபோன்ற, ஐஸ்லாந்து நூல்களில் காணப்படும் வழக்கங்களுக்கு மாறின. ஆண்டுக்கணக்கில் பழகிய ஒன்றை, ஆதாரம் இல்லை என்பதற்காக விடுவது எளிதில்லை. சிலர் பிடிவாதமாக வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள்: “எங்கள் முதல் தலைமுறை செய்தது, அதுவே எங்களுக்குப் பாரம்பரியம்” என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

உயர் இருக்கையில் ஒரு பெண்

கூடலின் ஓர் இரவு ‘ஸெய்த்’துக்கு. குறி சொல்லும் இரவு.

‘செந்நிற எரிக்கின் கதை’ என்ற ஐஸ்லாந்துப் பழங்கதையில் ஒரு காட்சி. கிரீன்லாந்தில் பஞ்ச காலம். தோர்பியோர்க் என்ற குறிகாரியைப் பண்ணைக்கு அழைக்கிறார்கள். கல் பதித்த நீல மேலங்கி, பித்தளைக் குமிழ் வைத்த கோல், பூனைத்தோல் கையுறை என்று அவள் உடையை அங்குலம் அங்குலமாகச் சொல்கிறது கதை. அவளுக்குக் கோழியிறகு அடைத்த மெத்தையோடு உயர்ந்த இருக்கை போடுகிறார்கள். பெண்கள் சுற்றி நிற்கவேண்டும். ஆவிகளை அழைக்கும் பாட்டை யாராவது பாடவேண்டும். தெரிந்தவள் குத்ரித் என்ற இளம்பெண் ஒருத்திதான். அவளோ கிறிஸ்தவள், பாடத் தயங்குகிறாள். வளர்ப்புத் தாய் கற்றுக்கொடுத்த பாட்டு அது. வீட்டுக்காரர் வற்புறுத்த, பாடுகிறாள். அவ்வளவு இனிமையாக யாரும் பாடிக் கேட்டதில்லை என்கிறது கதை. பஞ்சம் தீரும் என்று குறி பிறக்கிறது. ஆனால் பாட்டின் ஒரு வரியைக்கூடக் கதை எழுதியவர் பதிவு செய்யவில்லை.

இந்தக் காட்சியை வைத்து, 1980களின் இறுதியில், கலிஃபோர்னியாவின் ‘ஹ்ராஃப்னார்’ குழுவினர் ஒரு சடங்கைக் கட்டினார்கள். முன்னின்றவர் நாவலாசிரியை டயானா பாக்ஸன். மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னரிடம் பயின்ற, பறையொலியில் மயங்கி மனப்பயணம் போகும் முறையை எடுத்துக்கொண்டு, கதையில் இருந்த இருக்கை, கோல், பாட்டு ஆகியவற்றை அதோடு இணைத்தார். இன்று அமெரிக்கக் கூடல்களில் நடக்கும் ஸெய்த் பெரும்பாலும் அந்த வார்ப்பிலிருந்து வந்தது.

கூடத்தில் விளக்கைக் குறைப்பார்கள். வழிநடத்துபவர் பேச்சாலேயே எல்லோரையும் பழங்கதைகளில் வரும் உலகமரத்தின் வேர்வழியே, இறந்தோர் நாட்டின் வாசல்வரை அழைத்துப்போவார். மற்றவர்கள் வாசலில் நின்றுவிட, முக்காடிட்ட குறிகாரி மட்டும் உயர் இருக்கையில் ஏறி வாசலைத் தாண்டுவாள். கூட்டம் பாடும். பிறகு ஒவ்வொருவராகக் கேட்பார்கள். வேலை, பிள்ளை, நோய், செத்துப்போன அப்பா. நம் ஊரில் சாமி வந்தவரிடம் குறி கேட்டு நின்றவர்களுக்கு இந்தக் கேள்விகளின் நடுக்கம் நன்றாகத் தெரியும். அதே கவலைகள்தான். ஒரு வேறுபாடு, நம் சாமியாடிக்கு முன்னால் ஆடிய சாமியாடி இருந்தார், அவருக்கு முன்னால் ஒருவர். அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு முன்னால் இருப்பது பாட்டு தொலைந்துபோன ஒரு கதைப்பக்கம்.

ஆகவே அவளைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள் கவனமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் காவலாக உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, தண்ணீரும் உணவும் கொடுத்து, தரைக்குக் கொண்டுவருவார்கள். கேட்க வந்தவர்களில் உடைந்து அழுபவரோடு உட்கார ஆள் தயாராக இருக்கும். மருத்துவருக்குப் பதில் இந்தக் குறியை நம்பாதீர்கள் என்று பொறுப்புள்ள குழுக்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். இதற்கான பயிலரங்குகளில் மயங்கும் வித்தையைவிட, மயங்கியவரை மீட்கும் வித்தைக்கே அதிக நேரம் போகிறது. அதுதான் சரி.

சொன்ன சொல்

எல்லாவற்றுக்கும் மேலானது ‘சும்பெல்’. கூடத்துக்குள் உட்கார்ந்து நடத்தும் கொம்புச் சுற்று. ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் அரசி வெல்தியோ கிண்ணத்தை ஏந்திச் சபையில் ஒவ்வொருவரிடமாகப் போவாள். பேவுல்ஃப் அதைப் பெற்றுக்கொண்டு, அரக்கனை வெல்வேன் அல்லது இந்த மண்டபத்திலேயே சாவேன் என்று சூளுரைப்பான். இன்றைய சுற்றிலும் கொம்பை ஒருவர் ஏந்தி வருவார். மூன்று சுற்று. முதல் சுற்றில் தெய்வங்களின் பெயர். இரண்டாவதில் முன்னோர், மறைந்தோர். பாட்டியின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்பவர்கள், போன மாதம் புதைத்த நண்பனின் பெயரைச் சொல்பவர்கள். இந்தச் சுற்று நள்ளிரவைத் தாண்டுவதும் உண்டு, யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். மூன்றாவதில் தன் செயலைச் சொல்லிப் பெருமைப்படலாம், அல்லது சூளுரைக்கலாம்.

சூளுரைப்பதுதான் கடினம். கொம்பின்மேல் சொன்ன சொல் ஊர்தின் கிணற்றுக்குள் விழுந்து, இனி நடக்கப்போவதன் ஒரு பகுதியாகிவிடும் என்று நம்புகிறார்கள். உலகமரத்தின் அடியில் விதித் தேவியரின் கிணறு இருப்பதைப் பழம்பாடல் சொல்கிறது. ஆனால் சொல்லைக் கிணற்றோடு பிணைக்கும் இந்த விளக்கத்துக்கு உருக்கொடுத்தது பால் பவுஷாட்ஸ் என்ற அறிஞர் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல். ஒரு கல்விப்புல நூல் ஒரு சமூகத்தின் வழிபாட்டுக் கோட்பாடாகவே மாறியிருக்கிறது.

ஒருவரின் சொல் பொய்த்தால் கேட்டிருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால், சில வட்டங்களில் ‘தைல்’ என்று ஒருவரை நியமிப்பார்கள். பேவுல்ஃபைக் குறுக்குக் கேள்வி கேட்ட உன்ஃபெர்த் வகித்த பதவி. ‘இந்த ஆண்டு குடியை விடுவேன்’ என்று எவராவது எழுந்தால் தைல் கேட்பார்: யார் துணை இருப்பார்கள்? எப்போது கணக்குச் சொல்வாய்? தவறினால் என்ன ஈடு செய்வாய்? பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இந்தச் சூளுரையை ஏற்கமாட்டோம், யோசித்துவிட்டு வா என்று உட்காரவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மதுவை விட்டவர்களுக்கென்று ஆப்பிள் சாறு நிரம்பிய இரண்டாவது கொம்பும் கூடவே சுற்றும். கொம்பை உதட்டில் ஒற்றி உயர்த்திவிட்டுக் கொடுத்தாலும் போதும். இந்த இரண்டாவது கொம்பு எந்தப் பழைய நூலிலும் இல்லை; ஆனால் கூடலில் நான் மிக மதிக்கும் பொருள் அதுதான்.

யார் உட்காரலாம்

ஒரே வட்டத்தில் உட்கார்ந்து விதியைப் பகிர்ந்துகொள்வது என்றால், யாரோடு என்ற கேள்வி வரும். இந்த மதத்தின் மிகப்பெரிய சண்டை இதில்தான் நடக்கிறது.

வரலாறு கறைபட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் கீடோ ஃபோன் லிஸ்ட், ரூன்களை ஜெர்மானிய இனத்தின் இரகசிய ஞானமாக்கினார். நாஜிகளின் எஸ்எஸ் படை இரட்டை ரூனைச் சீருடையில் அணிந்தது. போருக்குப் பிறகும் வெள்ளை இனவெறியர்கள் இந்தக் குறிகளை விடவில்லை. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில், கொம்புத் தொப்பியோடு உலகமெங்கும் படமாக வந்தவரின் உடம்பில் தோரின் சம்மட்டி பச்சை குத்தியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து அவமானத்தில் குன்றிப்போனவர்கள் ஹீத்தன்கள்.

அமெரிக்காவில் ‘அசாட்ரு ஃபோக் அசெம்ப்ளி’ என்ற அமைப்பு இந்த வழிபாடு வடஐரோப்பிய வம்சாவளியினருக்கே உரியது என்று வைத்திருக்கிறது. 2016இல் அது இனத்தையும் பாலினத்தையும் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பதிலாக ‘127ஆம் பிரகடனம்’ எழுந்தது. ‘ஹாவமால்’ என்ற பழம்பாடலின் 127ஆம் பகுதியை ஒட்டிய பெயர். தீமையைக் கண்டால் தீமை என்று உரக்கச் சொல், பகைவனோடு சமாதானம் கொள்ளாதே என்பது அதன் கருத்து. நூற்றுக்கும் மேற்பட்ட ஹீத்தன் அமைப்புகள் பல நாடுகளிலிருந்து கையெழுத்திட்டு, அந்த அமைப்போடு இனி உறவில்லை என்று அறிவித்தன. 2020இல் மினசோட்டா மாநிலத்தின் மர்டாக் என்ற சிற்றூரில் அது ஒரு பழைய தேவாலயத்தை வாங்கிப் பயன்படுத்த ஊர்மன்றத்திடம் அனுமதி பெற்றபோது எழுந்த எதிர்ப்பில் ஹீத்தன்களின் குரலும் இருந்தது.

இனவாதிகளின் வாதம் அவர்கள் கையில் உள்ள நூல்களிலேயே நொறுங்குகிறது. ஓடினின் தாய் அரக்கர் குலம். தோரின் தாயும் அப்படியே. நியோர்டும் ஃப்ரேயாவும் இரு தெய்வக் குலங்களுக்கிடையே நடந்த போர் முடிந்ததும் எதிர்க்குலத்திலிருந்து வந்து, தெய்வங்களோடு தெய்வமானவர்கள். ஃப்ரேயர் காதலித்து மணந்தது அரக்கர் மகள் கெர்தை. ஐஸ்லாந்தில் குடியேறிய முதல் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. எந்தத் தூய இரத்தத்தைக் காக்கப்போகிறார்கள்? இந்த வாதங்களும் கூடலில் ஒரு பயிலரங்காக நடக்கின்றன. வெறுப்பாளர்கள் பயன்படுத்தும் குறிகளை இனங்காண்பது, கூடலுக்கு வரும் புதியவரிடம் எதைக் கவனிப்பது, ஒருவரை வெளியேற்றவேண்டி வந்தால் எப்படி வெளியேற்றுவது என்றெல்லாம் பாடம் எடுக்கிறார்கள். நெசவுக்கும் தேறலுக்கும் பக்கத்தில் இந்தப் பாடமும் இடம்பெறவேண்டியிருப்பது வருத்தம்தான். ஆனால் அதை நடத்தாத கூடலை நான் நம்பமாட்டேன்.

ஐஸ்லாந்துச் சங்கத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒருபாலினத் திருமணங்களை அது முன்னின்று நடத்திவைக்கிறது. அதற்காக 2015இல் வெளிநாட்டு ஹீத்தன்களிடமிருந்து வசைக்கடிதங்கள் குவிந்தன. 2003 முதல் சங்கத்தின் தலைமைப் பூசாரியாக இருப்பவர் இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன். அவரும் சங்கமும் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அதே ஆண்டு மார்ச் 20 அன்று, சூரிய கிரகண நாளில், ரெய்க்யவிக்கின் ஓஸ்க்யுலித் குன்றில் தங்கள் கோயிலுக்கு அவர்கள் முதல் மண்ணைத் தோண்டினார்கள். கட்டுமானம் திட்டமிட்டதைவிடப் பல ஆண்டுகள் இழுத்தது.

கோயிலுக்காகக் காத்திராமல் சங்கத்தின் வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்கள், மணம் முடிக்கிறார்கள், அடக்கம் செய்கிறார்கள். வயதுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு உண்டு. அதற்கு முன் அவர்கள் ‘எட்டா’ என்று வழங்கும் பழங்கதைகளையும் ஹாவமாலையும் வாசித்து, பூசாரியோடு அமர்ந்து, எப்படி வாழ நினைக்கிறார்கள் என்று பேசவேண்டும். 1973இல் மழையில் நின்றவர்கள் வேறொரு மதத்தில் பிறந்து, தேடி வந்தவர்கள். இந்தப் பிள்ளைகள் இதற்குள்ளேயே பிறந்தவர்கள். பிறந்தபோது தங்களுக்குப் பெயர் சூட்டிய சங்கத்தில், சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்ட வருகிறார்கள்.